மாமியாரின் காது

எங்கள் வீட்டில் இரண்டு மாத காலமாக ஒரு வழக்கு நடந்து வந்தது. வாதி, என் மாமியார். பிரதிவாதி, ஹாலில் ஜன்னலோரமாக லேஸ் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இசைத்தட்டுப் பெட்டி. நீதிபதியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் என் கணவர். குமாஸ்தா, டவாலி, சாட்சி எல்லாம் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பிரதிவாதியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1979-ஆம் வருஷம் என் மாமனார் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் போனார். போகிறவர்கள் எல்லோரும் புடவையும் கைக்கடிகாரமும் வாங்கி வந்த காலம் அது. இவர் பத்துக் கிலோ கனமுள்ள இந்தப் பெட்டியைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினாராம். தீர்வையைக் கட்டியது போக டாக்ஸிக்குக் கூடக் கையில் பணம் மிஞ்சவில்லை என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. "புடவை எங்கே?" என்று என் மாமியார் கேட்கவில்லையாம். கேட்கவில்லை என்பதை இன்று வரையில் சொல்லிக் காட்டுகிறார்.

ஜப்பான் தேசத்துச் சரக்கு. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். 45 வருஷத்துக்கு மேல் உழைத்த பிறகு வந்த கோளாறுக்காக ஒரு கம்பெனியைச் சந்திக்கு இழுப்பது தர்மமாகாது அல்லவா?

மாமனார் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குத் திடீரென்று பித்ரு பக்தி பொங்கி, லேஸ் துணியை எடுத்து, தூசி தட்டி, வீணை எஸ். பாலசந்தரின் தட்டு ஒன்றைச் சுழல விட்டார். அம்மாவுக்கு வீணை என்றால் உயிர். பன்னிரண்டு வயதிலிருந்து வாசித்தவர். கண்ணில் ஜலம் வரும் என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று எதிர்பார்த்துக் கொண்டிருந்தோம்.

ஜலம் வரவில்லை. ஐந்து நிமிஷம் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"ஏண்டா, இது என்ன இப்படி ஓடறது? சுருதி நிக்கலையே!"

"நன்னாத்தானேம்மா இருக்கு?"

"பக்கத் தந்தியைக் கேளு. மேலே போறது, கீழே வரது. பாலசந்தர் வீணை இப்படியா பேசும்?"

நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கல்லூரியில் நான் படித்தது பொருளாதாரம். என் கணவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்குத் தெரியாதது மூன்றாவது நபருக்குத் தெரிந்தால், கோளாறு மூன்றாவது நபரிடம்தான் என்று தீர்மானிப்பது மனுஷ சுபாவம். அதிலும் மூன்றாவது நபருக்கு எழுபத்தெட்டு வயது!

"அம்மா, உனக்கு வயசாயிடுத்து. ஒரு தடவை காதைக் காட்டிண்டு வந்துடலாமே?" என்றார் நீதிபதி.

காட்டினோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் 'கீய் கீய்' என்று பல தினுசான சப்தங்களைக் கேட்கச் செய்து, ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். மெல்லிய, உச்சமான ஒலிகள் சற்றுக் குறைவாகக் கேட்கின்றன. இந்த வயதுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். சுருதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் என் கணவர் அந்த வரைபடத்தைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். "பார்த்தியா?" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. தட்டு ஓடும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். வாடிக்கையாகச் சாயங்காலம் தடவிப் பார்க்கும் வீணையையும் உறை போட்டு மூடி வைத்துவிட்டார். ஒரு நாள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "உப்பு சரியா இருக்கா, பாத்துச் சொல்லு. என் நாக்கும் போயிடுத்தோ என்னவோ!" என்றார். உப்பு எப்போதும் போல் சரியாகவே இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. சுருதி சொல்லியே வளர்ந்த மனுஷியிடம், 'உன் காதை நம்பாதே' என்று நாங்கள் சொல்லிவிட்டோம். காதோடு அது நிற்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வழக்கு திசை திரும்பியது ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில். கணவர் வெளியே போயிருந்தார். பெட்டியைத் துடைத்துக் கொண்டிருந்தவள் ஏதோ ஞாபகத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட்டேன். தட்டு சுழன்றது. மூலையில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. தட்டின் விளிம்பில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள்.

"இது எதுக்கம்மா, இத்தனை புள்ளி?" என்று கேட்டேன்.

சமையலறை வாசலிலிருந்தே பதில் வந்தது. "அவர் அதைப் பார்த்துத்தான் திருகுவார். புள்ளி நின்னா வேகம் சரின்னு அர்த்தமாம்."

புள்ளி நிற்கவில்லை! மெதுவாக, கோலத்தை யாரோ இழுத்துக்கொண்டு போவது போல், ஒரு பக்கமாக நகர்ந்தது. கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு எதிர்ப்பக்கமாக நகர ஆரம்பித்தது. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

புள்ளிகளின் சூட்சுமத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் கணக்கு வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி அலைகிறது. அந்தச் சிவப்பு நியான் விளக்கு ஒவ்வோர் அலைக்கும் இரண்டு தடவை மின்னும். ஆக விநாடிக்கு 100 மின்னல். நம் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகவே தோன்றும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டின் விளிம்பில், இந்த வேகத்துக்கான வரிசையில், 180 புள்ளிகள் இருக்கும். வேகம் சரியாக இருந்தால் விநாடிக்கு மிகச் சரியாக 100 புள்ளிகள் விளக்கைக் கடக்கும். ஒவ்வொரு மின்னலிலும் ஒரு புள்ளி இருந்த இடத்துக்கு அடுத்த புள்ளி வந்து நிற்பதால், எல்லாம் அசையாமல் நிற்பது போன்ற மயக்கம். தட்டு சுற்றும் திசையிலேயே புள்ளி நகர்ந்தால் வேகம் அதிகம். எதிர்த் திசையில் நகர்ந்தால் குறைவு. விநாடிக்கு ஒரு புள்ளி நகர்ந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகு.

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்து விநாடியில் 13 புள்ளி. அதாவது 1.3 சதவீதம்.

இது ஒரு பிரமாதமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அம்மாவின் பழைய சங்கீதப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 22 சுருதிகள் என்று சொல்கிறார்களே, அதில் மிகச் சிறிய இடைவெளிக்குப் பிரமாண சுருதி என்று பெயர். அதன் விகிதம் 81-க்கு 80. கணக்குப் போட்டால் 1.25 சதவீதம்! நாலு வருஷம் பேசாமல் கிடந்த பெட்டி ஒரு சுருதி ஏறி இறங்கியதை, எழுபத்தெட்டு வயதுக் காது பக்கத் தந்தியில் பிடித்திருக்கிறது. நாங்களோ அந்தக் காதை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம்!

அன்று சாயங்காலம் நீதிபதி வீடு திரும்பியதும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, விளக்கைப் போட்டேன். பார்த்தார். குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "ரிப்பேர் பண்ணிடலாம்" என்றார். புருஷர்கள் மன்னிப்புக் கேட்கும் விதங்களில் இதுவும் ஒன்று.

இந்த இடத்தில் பெட்டியின் உள் விவகாரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். இசைத்தட்டைச் சுழற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் சக்கரம் ஒன்றை வைத்து உருட்டுவது ஒன்று. தையல் மெஷினைப் போல் பெல்ட் போட்டு இழுப்பது இரண்டாவது. சக்கரமும் இல்லாமல் பெல்ட்டும் இல்லாமல், மோட்டாரின் அச்சிலேயே தட்டை உட்கார்த்தி வைப்பது மூன்றாவது. அதற்குத்தான் டைரக்ட் டிரைவ் என்று பெயர். மிக்ஸியில் கத்தி நேரே மோட்டாரோடு சுழல்கிறதல்லவா, அது போல. ஆனால் மிக்ஸி பறக்கும். இது நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்று அன்னநடை நடக்க வேண்டும். மோட்டாரை வேகமாக ஓட்டுவது சுலபம். மெதுவாக, அதிர்வில்லாமல் ஓட்டுவதுதான் சாமர்த்தியம். ஜப்பானில் மத்ஸுஷிடா கம்பெனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-இல் இப்படிப்பட்ட முதல் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் எஸ்.பி.-10. வானொலி நிலையங்களில் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டது. 1972-இல் எஸ்.எல்.-1200 வந்தது. 1979-இல் அதன் இரண்டாம் அவதாரம் வந்தபோது, கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற க்வார்ட்ஸ் படிகம் அதன் வேகத்தைக் கட்டிக் காத்தது.

அமெரிக்காவில் நியூயார்க் பையன்கள் இந்த ஜாதிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு என்ன பண்ணினார்கள் தெரியுமோ? ஓடுகிற தட்டைக் கையால் நிறுத்துவதும், பின்னோக்கித் தள்ளுவதும், விட்டதும் அது உடனே வேகம் பிடிப்பதும்! அதையே ஒரு சங்கீதமாக்கி, உலகம் பூராவும் பரப்பிவிட்டார்கள். பெல்ட் போட்ட பெட்டியில் இந்த விஷமம் பலிக்காது. 2010-இல் அந்த 1200-ஐ நிறுத்திய கம்பெனி, ஜனங்கள் விடாததால் 2016-இல் மறுபடியும் செய்ய ஆரம்பித்தது. (இதைப் படித்துக் காட்டியதும் அம்மா சொன்ன அபிப்பிராயம்: "தட்டு தேஞ்சு போகாதோ?")

எங்கள் பெட்டியில் க்வார்ட்ஸ் கிடையாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு சிறிய திருகுகள் மட்டும் உண்டு. 33-க்கு ஒன்று, 45-க்கு ஒன்று. ஒவ்வொரு திருகுக்குள்ளும் ஒரு கரித் தடமும், அதன் மேல் நடக்கும் ஒரு சின்ன உலோக நாக்கும் இருக்கின்றன. நாங்கள் இருப்பது திருவான்மியூர். கடற்காற்று பித்தளைக் குத்துவிளக்கையே ஒரு வாரத்தில் கறுக்கடிக்கிறது. நாலு வருஷம் அசையாமல் கிடந்த நாக்கை விட்டுவைக்குமா? களிம்பு ஏறி, மின்சாரம் விட்டுவிட்டுப் போய், மோட்டார் தடுமாறியது.

இதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள் என்கிறீர்களா? ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் பெட்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டுடுங்க மேடம், புதுசா அழகா ஒண்ணு தரேன்" என்றார். அவர் காட்டிய புதுசு சூட்கேஸ் மாதிரி இருந்தது. கனமும் காலிச் சூட்கேஸ் அளவுதான். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், பேட்டரி ரேடியோ காலத்திலிருந்து தொழில் பண்ணுகிறவர், விஷயத்தைக் கேட்டதும், "வயர் பிடுங்கிட்டு அந்தத் திருகை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை திருகுங்கம்மா. அப்புறம் வந்து சொல்லுங்க" என்றார். வைத்தியர் நாடி பிடித்த மாதிரி இருந்தது.

முப்பது தடவை திருகினோம். புள்ளிகளின் பதட்டம் பாதி அடங்கிவிட்டது! மறு வாரம் பெரியவரே வீட்டுக்கு வந்தார். கான்டாக்ட் கிளீனர் என்ற திரவத்தைத் திருகுக்குள் பீச்சி, மறுபடியும் திருகினார். அடியைத் திறந்து, உள்ளே வற்றிப் போயிருந்த நாலு கெபாசிட்டர்களை மாற்றினார். இந்த அடித் தகட்டைத் திறக்கும் வேலையைத் தயவு செய்து நீங்களாகச் செய்ய வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் சில உறுப்புகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பெரியவரே பயந்து பயந்துதான் கை வைத்தார்.

நாமாகவே செய்யக்கூடியவை சில உண்டு. மேல் தட்டில் விரல் நுழைய இரண்டு துவாரம் இருக்கும். அதைப் பிடித்து நேரே தூக்கினால் தட்டு வந்துவிடும். எங்கள் பெட்டியில் அந்தத் தட்டின் அடியிலேயே பெரிய வளையமாகக் காந்தம் இருக்கிறது. அதைத் தரையில் வைத்த இடத்தில் என்னுடைய ஹேர்பின்கள் ஏழும், நான் போன தீபாவளியிலிருந்து தேடிக் கொண்டிருந்த ஊசியும் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்று விடாமல் எடுத்துவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரைக் கீறிவிடும். நடு அச்சில் இரண்டு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் விடலாம். "தேங்காய் எண்ணெய் போதாதா?" என்று என் கணவர் கேட்டார். மார்கழியில் அது உறைந்தால் யார் வெயிலில் வைப்பது?

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமனார் காலத்து முள் தேய்ந்திருந்தது, புதிது போட்டோம். தட்டு தாவினால் கைப்பிடியின் மேல் காசை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அதைப் போலப் பாவம் வேறில்லை. முள்ளின் பாரம் பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம்தான் இருக்க வேண்டும். காசு வைத்தால் தட்டை உழுதுவிடும். பழைய 78 தட்டுகள் யாரிடமாவது இருந்தால் அவற்றை இந்த முள்ளில் போடாதீர்கள், அவற்றுக்கு அகலமான முள் வேண்டும். ஸ்பிரிட் தொட்டும் துடைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

பெரியவர் திருகைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினார். புள்ளிகள் நின்றன. வைத்த கோலம் மாதிரி நின்றன. அம்மா தம்முடைய சுருதிப் பெட்டியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்து, பாலசந்தரோடு சேர்த்துக் கொண்டார். ஒரு பக்கம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்போ சரி" என்றார். பெரியவருக்கு இரண்டாவது டம்ளர் காபி தாமாகவே போட்டுக் கொண்டு வந்தார்.

வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "அவர் இருந்தப்போ வேற மாதிரி. ராத்திரி ஏழு மணிக்குப் போட்டார்னா, கால் கட்டை இறங்கிப் பேசும். என் வீணையோட சேராது. சொன்னா, 'புள்ளி நிக்கறது பார், உன் காதிலேதான் கோளாறு'ன்னுடுவார். காலம்பர அதே தட்டு சரியாப் பேசும். அந்தச் சண்டை பத்து வருஷம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புள்ளி நிற்கும்போது வேகம் எப்படிக் குறையும்? அப்படியானால் அம்மாவின் காது அந்தக் காலத்திலேயே பிசகா? என் கணவரின் முகத்தில் லேசாக ஒரு வெற்றிக் களை கூடத் தெரிந்தது.

எங்கள் கீழ்த்தளத்தில் மின்சார உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் எஞ்சினியர் மாமா இருக்கிறார். மாலையில் அவரை மாடிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்கவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"50 சைக்கிள்னு யார் சொன்னா? இப்போ சரி. 49.9-க்கும் 50.05-க்கும் நடுவிலே வச்சிருக்கணும்னு விதி இருக்கு. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி நம்ம தென்னாட்டுத் தொகுப்பை வடக்கோட இணைச்சாளே, அதுக்கு அப்புறம் நிலைமையே வேற. 1980-களிலே ராத்திரி எல்லா வீட்டிலேயும் விளக்கைப் போட்டான்னா, உற்பத்தி போதாது, 48.5 வரைக்கும், அதுக்குக் கீழேயும் இறங்கும். விளக்கு மின்னறது குறைஞ்சா, புள்ளி நிக்கறதுக்குத் தட்டும் மெதுவா ஓடியாகணும். தட்டு சரியாத்தான் ஓடிண்டிருந்திருக்கும். விளக்கைப் பார்த்துப் பார்த்து அவர்தான் வேகத்தைக் குறைச்சிருக்கார்!"

48.5 என்றால் 50-இல் நூற்றுக்கு மூன்று பங்கு குறைவு. அரைக் கட்டைக்கு ஆறு பங்கு. மூன்றுக்குக் கால் கட்டை. அம்மா சொன்னது இம்மியும் பிசகவில்லை. காகிதத்தில் எழுதி என் கணவரிடம் நீட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா மாத்திரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எஞ்சினியர் மாமாவையே பார்த்துக் கொண்டிருந்தார். அவர் இந்தக் கட்டடத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. மாமனாரும் அவரும் தினம் கடற்கரையில் சேர்ந்து நடந்தவர்கள்.

"ஏன் மாமா, இதை அவர் இருக்கறச்சே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"யாரும் கேக்கலையே, மாமி" என்றார் அவர்.

அம்மா எழுந்து போய் வீணையின் உறையை அவிழ்த்தார். தந்தியை முறுக்கிக்கொண்டே, "அந்தத் தட்டைத் திருப்பிப் போடுடா" என்றார்.